தானியேல் தன் வீட்டுக்குப் போனான்

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவி அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புச் சகோதர சகோதரிகளே, தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இந்த அறுப்பின் பண்டிகைக்கு வந்து, ஏலம் முடிந்த பின்னும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் சபையாரே, உங்கள் அனைவருக்கும் என் ஸ்தோத்திரம்.

பிள்ளைகளுக்கு விசுவாசத்தையும் நட்பையும் கற்றுத் தருவதில் முதலிடம் வீட்டுக்கா, பள்ளிக்கா என்பது இன்றைய கேள்வி. வீட்டுக்கே என்று வாதிட எழுந்திருக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளையும் நாங்கள் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். எனவே இந்த மேடையில் நான் சொல்லப்போவது, என் கணவரும் நானும் பல இரவுகள் ஜெபித்தும் விவாதித்தும் தெரிந்துகொண்ட ஒரு வாழ்க்கையைப் பற்றியது.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அண்ணன் இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தார். வீட்டிலேயே வளரும் பிள்ளையின் விசுவாசம் தொட்டிச் செடி போன்றது, வெளியே எடுத்து வைத்தால் ஒரு வெயிலைக்கூடத் தாங்காது என்றார். அப்படி வளரும் பிள்ளைக்குத் தோழர்கள் கிடைக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். முதல் குற்றச்சாட்டுக்கு வேதாகமத்தின் தானியேலைச் சாட்சியாக அழைத்தார். யூதாவிலிருந்து சிறைப்பட்டுப் போன தானியேலும் அவன் தோழரும் பாபிலோன் அரண்மனையில் மூன்று வருஷம் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள். அந்நியப் பள்ளிக்கூடத்தில் புடமிடப்பட்டதால்தான் அவர்களுடைய விசுவாசம் உறுதிப்பட்டது என்பது அண்ணனின் வாதம். நல்ல சாட்சி, ஆனால் அண்ணன் அதைப் பாதி விசாரணையிலேயே அனுப்பிவிட்டார். மீதியை விசாரிக்க நடுவர் ஐயா எனக்கு அனுமதி தர வேண்டும்.

ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று தானியேல் தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணியது எப்போது? மூன்று வருஷப் படிப்பின் முடிவில் அன்று. படிப்புத் தொடங்கிய வேளையிலேயே. பாபிலோன் ஆசிரியர்கள் வாய் திறப்பதற்கு முன்பே அந்தத் தீர்மானம் அவனுக்குள் இருந்தது என்றால், அதை அவன் எருசலேமிலிருந்துதான் கொண்டுவந்திருக்க வேண்டும். பிறகு, பல ஆண்டுகள் கழித்து, ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் முப்பது நாள்வரை விண்ணப்பம் பண்ணக்கூடாது என்ற கட்டளை பிறந்தது. மீறுகிறவனுக்குச் சிங்கக் கெபி, அதாவது சிங்கங்கள் அடைபட்ட குகை. அன்றும் தானியேல் தன் மேலறைக்குப் போய், எருசலேமுக்கு நேரான பலகணிகள் திறந்திருக்க, "தான் முன் செய்துவந்தபடியே" மூன்று வேளையும் முழங்காற்படியிட்டான் என்று வேதம் சொல்லுகிறது. சிங்கத்துக்குப் பயந்து ஒருவன் புதிதாகக் கற்றுக்கொண்ட ஜெபம் அது அன்று. வீட்டில் பழகிய பழக்கம் அந்த நாளிலும் மாறாமல் நடந்தது, அவ்வளவே.

அண்ணன் விட்டுவிட்ட இன்னொரு பகுதி தானியேல் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. தான் கண்ட சொப்பனத்தைச் சொல்ல முடியாத ஞானிகள் எல்லாரையும் கொன்றுபோடும்படி ராஜா கட்டளையிடுகிறான். தேடப்படுகிறவர்களில் தானியேலும் ஒருவன். உயிர் ஊசலாடும் அந்த வேளையில் அவன் ராஜாவிடம் தவணை கேட்டான். அதன்பின் நேராகத் தன் வீட்டுக்குப் போனான். போய், தன் தோழராகிய அனனியாவுக்கும் மீஷாவேலுக்கும் அசரியாவுக்கும் காரியத்தை அறிவித்து, அவர்களோடு பரலோகத்தின் தேவனிடம் இரக்கம் கேட்டான். பெற்றோரைப் பிரிந்த அந்த வாலிபர்கள் அந்நிய ஊரிலும் ஜெபிப்பதற்கும் ஒருவரையொருவர் தாங்குவதற்கும் ஒரு வீட்டை உண்டாக்கிக்கொண்டார்கள் என்றே நான் இதை வாசிக்கிறேன். எங்கள் அணி சொல்ல வருவதை எதிரணியின் சாட்சியே சொல்லிவிட்டது.

இனி நட்புக்கு வருகிறேன். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும், ஏனென்றால் "உன் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று உறவினரும் சபையாரும் என்னிடம் அக்கறையோடு கேட்கிறார்கள்.

எங்கள் மாடியில் எதிர்வீட்டில் ஒரு மராத்தி ஆஜி, அதாவது பாட்டி, தனியாக வசிக்கிறார். மகனும் மருமகளும் தாணேயில் இருக்கிறார்கள். சென்ற மழைக்காலத்தில் ஆஜிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு வகைச் சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு நான்கு வேளை. ஒன்றை விட்டு ஐந்து நிமிடம் கழித்தே மற்றதை விட வேண்டும். பதினொரு வயதான என் மகள் அந்தப் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஜியின் கீழிமையை மெல்ல இழுத்துப் பிடித்து, ஒரு சொட்டு விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பாள். நடுவிலுள்ள ஐந்து நிமிடத்தில் ஆஜியின் மராத்தி நாளிதழை எடுத்து எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். ஆஜி கண்ணை மூடியபடியே உச்சரிப்பைத் திருத்துவார். இந்தியில் இல்லாத ளகரம் மராத்தியில் வரும்போது, தமிழ்ப் பிள்ளையாகையால் அதை மட்டும் முதல் தடவையே சரியாகச் சொல்லிவிட்டாள் என்று மாடி முழுவதும் சொல்லி மகிழ்ந்தார்.

மருந்து நின்று மாதங்கள் ஆகிவிட்டன, வாசிப்பு நிற்கவில்லை. சங்கராந்திக்கு எள்ளுருண்டை எங்கள் வீட்டுக்கு வருகிறது, கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து ஆஜி வீட்டுக்குப் போகிறது. தாணேயிலுள்ள மகனுக்கு வேலை போனபோது ஆஜி என்னிடம் சொல்லவில்லை, என் மகளிடம் சொன்னார். "உன் தேவனிடம் எனக்காகவும் கேள்" என்றார். ஆஜி தம் விளக்கின் முன் அமர்ந்திருக்க, என் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் ஜெபித்தாள். தன் விசுவாசத்தை மறைக்காமலும் ஆஜியின் வழிபாட்டை இழிவாக நினைக்காமலும் ஒரு பதினொரு வயதுப் பிள்ளை அந்த அறையில் நின்றதைப் பார்த்தபோது, நான் எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் அதைக் கற்பித்திருக்க முடியாது என்று உணர்ந்தேன். பகல் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் வீட்டில் இருந்ததால்தான் அவளுக்கு அந்த நட்பு கிடைத்தது.

சம வயதுத் தோழர்களும் அவர்களுக்கு உண்டு. மாலையானால் கட்டட முற்றத்தில் கிரிக்கெட், ஞாயிறு ஓய்வுநாள் பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி என்று அவர்களைப் பிடித்து வைப்பதே கடினம். ஆனால் ஒரே ஆண்டில் பிறந்தவர்களோடு மட்டுமே நட்பு என்ற ஏற்பாடு வகுப்பறைக்குத் தேவைப்படலாம், வாழ்க்கைக்குத் தேவையில்லை. வேதத்தில் நாம் போற்றுகிற நட்புகளில் ஒன்று, மாமியாரான நகோமிக்கும் மருமகளான ரூத்துக்கும் இடையே இருந்தது. அது ஒரு குடும்பத்துக்குள் முளைத்து, பெத்லெகேமுக்குப் போகும் வழியில் உறுதிப்பட்டது.

விசுவாசத்துக்கு மறுபடி வருகிறேன். என் நாத்தனாரின் கைக்குழந்தை நோயுற்றிருந்த நாட்களில் எங்கள் குடும்ப ஜெபத்தில் அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லாத இரவு இல்லை. குழந்தை பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து சில வாரங்களுக்குப் பின், ஒரு காலை வேளையில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என் ஒன்பது வயது மகன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நாம் அத்தனை நாள் ஜெபித்தோமே, கர்த்தர் ஏன் கேட்கவில்லை?" என்றான். நான் கணக்கு நோட்டை மூடினேன். பதில் என்னிடம் இல்லை. இருப்பதாக நடிக்கவும் மனம் வரவில்லை. பதின்மூன்றாம் சங்கீதத்தை எடுத்து இருவரும் வாசித்தோம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, எதுவரைக்கும் என்று தாவீது நான்கு முறை கேட்கிறான். "தாவீதே இப்படிக் கேட்டானா?" என்றான் மகன். பிறகு அத்தைக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்றான். பேசினான், இருவரும் அழுதார்கள். அன்றைய கணக்கு மறுநாளைக்குப் போயிற்று.

நடுவர் ஐயா, ஒரு பிள்ளையின் மனத்தில் இப்படிப்பட்ட கேள்வி கால அட்டவணை பார்த்து எழுவதில்லை. ஐம்பது பிள்ளைகளுக்கு முன் நிற்கும் ஆசிரியர், எவ்வளவு அன்புள்ளவராயினும், ஒருவனுக்காகப் பாடத்தை நிறுத்திவிட்டுச் சங்கீதத்தை எடுக்க முடியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எதிரணியில் அமர்ந்திருக்கும் ஆசிரியை அக்கா வெள்ளிதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து என் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறார். அவருடைய அன்பையும் அறிவையும் அருகிலிருந்து அறிந்தவள் நான். அக்கா, என் மகன் உங்களிடம் பாடம் முடிந்த பின்னும் ஒரு மணி நேரம் பேசுகிறானே, அதை உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு உங்களால் கொடுக்க முடிகிறது?

சூசன்னா வெஸ்லி என்ற தாயைச் சபையார் அறிவார்கள். இங்கிலாந்தின் எப்வர்த் ஊரில், குருமனையில், தம் பிள்ளைகளுக்குத் தாமே பாடம் கற்பித்தவர். அதோடு நிற்காமல், வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலையை ஒதுக்கி, அந்தப் பிள்ளையோடு மட்டும் தனியே அமர்ந்து அதன் ஆத்துமாவைப் பற்றிப் பேசினார். வியாழக்கிழமை, பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய மகன் ஜானுக்கு உரியது. ஜான் பத்து வயதில் லண்டன் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்குப் போனார், பின்பு ஆக்ஸ்போர்டுக்குப் போனார், அங்கேயே ஆசிரியராகவும் ஆனார். இத்தனை கல்விக்கும் பிறகு தாய்க்குக் கடிதம் எழுதி, முன்பு தமக்குக் கொடுத்த அந்த வியாழக்கிழமை மாலையின் ஒரு சிறு பகுதியை மறுபடியும் தமக்காகச் செலவிடும்படி கேட்டார். பள்ளியும் பல்கலைக்கழகமும் அந்த மாலைக்கு ஈடாகியிருந்தால் அவர் ஏன் கேட்க வேண்டும்?

நம் மும்பைக்கு உரிய ஒரு வரலாற்றையும் சொல்ல வேண்டும். 1858இல் பிறந்த பண்டித ரமாபாய் சிறுவயதில் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் எதற்கு என்று ஊர் எதிர்த்த காலத்தில், தந்தை அனந்த சாஸ்திரி தம் மனைவி லட்சுமிபாய்க்கு அதைக் கற்பித்தார். அந்தத் தாய் மகளுக்குக் கற்பித்தார். ஊர் ஊராக யாத்திரை போன அந்தக் குடும்பத்தில், விடியுமுன் மகளை எழுப்பி மடியில் சாய்த்துக்கொண்டு பாடம் சொன்னார் அந்தத் தாய். தாய் கற்பித்தவை இந்து புராணங்கள்தாமே, ரமாபாய் 1883இல் கிறிஸ்தவரானாரே, அப்படியானால் வீட்டுக் கல்வி எங்கே நிலைத்தது என்று எதிரணி கேட்கலாம். சத்தியத்தை உண்மையோடு தேடவும், கற்றதை அச்சமின்றிச் சோதிக்கவும், கண்டடைந்ததைப் பிறருக்குக் கொடுக்கவும் அந்தத் தாய் பழக்கியிருந்தார். அந்தப் பழக்கம் கிறிஸ்துவிடம் வந்த பின்பும் தொடர்ந்ததால்தான் ரமாபாய் முழு வேதாகமத்தையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். தம் ஆங்கில நூல் ஒன்றைத் தாயின் நினைவுக்கே அர்ப்பணித்தார். 1889இல் இதே மும்பையில் அவர் சாரதா சதனைத் திறந்தது உண்மை, அது பள்ளி என்பதும் உண்மை. குடும்பம் கைவிட்ட இளம் விதவைகள் அங்கே தங்கி, சமைத்து, சேர்ந்து உண்டு, படித்தார்கள். வீட்டை இழந்தவர்களுக்குப் பாடத்தோடு வீட்டையும் கொடுக்க வேண்டும் என்பது ரமாபாய்க்குத் தெரிந்திருந்தது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமலிருப்பது பற்றிச் சட்டம் என்ன சொல்லுகிறது என்று ஒரு சகோதரர் கேட்டார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியை உரிமையாக்குகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் பத்தாம் பிரிவு சொல்லுகிறது. ஆனால் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. தேநீர்க் கடையிலும் பட்டறையிலும் நிற்கும் சிறுவர்களை மீட்பதற்கு அந்தச் சட்டம் வேண்டும், வேண்டும் என்று நானும் சொல்லுவேன். எங்கள் பிள்ளைகள் பதினான்கு வயதானதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவார்கள். அது மத்திய அரசின் நிறுவனம்தான்.

எல்லாத் தாய்மாரும் என்னைப்போல் செய்ய வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். விடியற்காலையில் வீட்டு வேலைக்குப் போகிற தாய்மார் இந்த அரங்கில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி பெரிய ஆசீர்வாதம். ஆனால் அந்தத் தாய்மாரைக் கேளுங்கள், தங்கள் பிள்ளை ஜெபிக்கக் கற்றது எங்கே என்று. நம் சபையில் அப்பளம் இட்டுப் பிழைக்கும் ஒரு சகோதரி, மாவு உருட்டும்போதே பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக் கொடுக்கிறார். அவருடைய பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறவர்கள்தான், எனினும் எங்கள் அணியின் சாட்சிகள்.

இடப் பற்றாக்குறையால் இந்த நகரத்தில் பல பள்ளிகள் இரண்டு ஷிப்டாக நடக்கின்றன. எங்கள் கட்டடத்திலேயே ஒரு வீட்டில் அண்ணன் காலை ஷிப்ட், தம்பி பிற்பகல் ஷிப்ட். அண்ணன் திரும்பும்போது தம்பி புறப்பட்டுவிடுகிறான். தம்பி திரும்பும்போது அண்ணன் டியூஷனில் இருக்கிறான். தகப்பனார் லோக்கல் ரயில் பிடித்து வந்து சேரும்போது இருவரும் தூங்கிவிடுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பிள்ளைகளோடு என் வார்த்தைகளைப் பேசு என்று உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் கர்த்தர் நான்கு வேளைகளைக் குறித்துக் கொடுத்தார். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அவற்றில் எந்த வேளையைப் பள்ளி விட்டு வைத்திருக்கிறது? எனக்கு அடுத்துப் பேசவிருக்கும் எதிரணிச் சகோதரர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும், அந்தப் பதிலைக் கேட்ட பின்பே நடுவர் ஐயா தீர்ப்பு எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி.