கவனத்துக்கும் ஒரு விலை இருந்தது

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நடுவர் அவர்களே, "கொரோனா காலத்தில் நம்மைப் பெரிதும் வாட்டியது மக்களின் அலட்சியமா, பொருளாதார ஏற்றத்தாழ்வா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்றத்தாழ்வே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கோயம்பேட்டில் முண்டியடித்த கூட்டத்தைச் சொன்னார். காய்ச்சலை மறைத்தவர்களைச் சொன்னார். நோயாளியின் வீட்டு வாசலில் அடித்த தகரத்தைப் பிரித்துக்கொண்டு இரவில் வெளியே வந்தவர்களைச் சொன்னார். "கிருமிக்கு ஏழை, பணக்காரன் தெரியாது, பிரதமருக்கும் வந்தது, பெட்டிக்கடைக்காரருக்கும் வந்தது" என்று அவர் முடித்தபோது அரங்கம் கைதட்டியது. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். தகரத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். அது நான் நேரில் பார்த்தது.

முதலில் அந்தப் பிரதமர். 2020 ஏப்ரலில் பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் லண்டனில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். உண்மைதான். அதே வாரங்களில் இங்கிலாந்தில் நிகழ்ந்த கொரோனா மரணங்களை அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் கணக்கெடுத்தது. வயது வேறுபாட்டைச் சரிக்கட்டிய பிறகு, மிகவும் வசதி குறைந்த பகுதிகளில் 1 லட்சம் பேருக்கு 55 பேர் இறந்திருந்தார்கள். வசதி மிகுந்த பகுதிகளில் 25 பேர். ஒரே நாடு, ஒரே அரசு மருத்துவம், ஒரே கிருமி. கிருமிக்கு ஏழை, பணக்காரன் தெரியாது என்பதை மறுக்கவில்லை. அது நுழைகிற வீட்டில் எத்தனை பேர் ஒட்டிப் படுத்திருக்கிறார்கள் என்பதை அந்த வீட்டின் வாடகை தீர்மானிக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

அடுத்தது கோயம்பேடு. 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்ததும், முந்தைய நாள் சந்தையில் கூட்டம் அலைமோதியது. மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அதற்குள் கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை தொற்று போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்க வந்தவர்கள் நெருக்கியடித்தார்கள், மறுக்கவில்லை. அந்த ஒரு நாளைக்கு "அலட்சியம்" என்று எதிரணி பெயர் வைக்கட்டும். ஆனால் நான்கு நாளுக்கான காய்கறியை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்க முடிந்தவர் அந்த ஒரு நாளோடு வீட்டுக்குள் போய்விட்டார். மூட்டை இறக்கியவரும், தள்ளுவண்டியில் ஏற்றியவரும், இரவு சந்தையிலேயே சாக்கை விரித்துப் படுத்தவரும் தினமும் அங்கேதான் இருந்தார்கள். சந்தையை மூடிய அன்று அவர்களுக்கு வேலையும் போயிற்று, படுக்கும் இடமும் போயிற்று. கிடைத்த லாரியில் ஊர் திரும்பினார்கள். அவர்களோடு நோயும் திரும்பியது. வேறு எங்கே போயிருக்க முடியும் அவர்களால்?

நடுவர் அவர்களே, இப்போது உங்களைக் கடல் கடந்து அழைத்துப் போகிறேன். எதிரணியினருக்குப் பிடித்த ஊர்தான். ஒழுங்குக்குப் பெயர் பெற்ற ஊர். சிங்கப்பூர்.

அங்கே கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் போயிருப்பவர்களில் நம் புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை, ராமநாதபுரம் பிள்ளைகள் ஏராளம். இந்த அரங்கத்திலேயே அப்படிப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர் இருப்பார்கள். 2020இல் அங்கே தொழிலாளர் விடுதிகளில் சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் பேர் தங்கியிருந்தார்கள். ஓர் அறைக்கு 12 பேர், சில இடங்களில் 20 பேர். இரும்புக் கட்டில், மேலே ஒருவர், கீழே ஒருவர். இருவருக்கும் சேர்த்து ஒரு துணிக்கயிறு. மேல்கட்டிலில் இருப்பவர் தும்மினால் கீழ்க்கட்டிலில் படுத்திருப்பவர் திரும்பிப் படுப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. 2020 ஏப்ரலில் தொற்று பரவியதும் விடுதிகளைப் பூட்டினார்கள். வேலைக்குப் போகக்கூடாது, வெளியே காலடி வைக்கக்கூடாது. அவர்கள் சட்டத்தை மீறவில்லை. சட்டத்துக்கு உள்ளேயே, அந்த அறைக்கு உள்ளேயே இருந்தார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூர் அரசே கணக்கை வெளியிட்டது. விடுதித் தொழிலாளர்களில் 1 லட்சத்து 52 ஆயிரத்து 794 பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. 47 சதவீதம். ஏறத்தாழ இரண்டு பேரில் ஒருவர். விடுதிக்கு வெளியே, அதே தீவில், அதே வெயிலில், அதே காவல்துறையின் கண்காணிப்பில் வாழ்ந்த மற்ற மக்களிடம் தொற்றின் அளவு அரை சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. எதிரணித் தலைவரைக் கேட்கிறேன். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற அலட்சியம் யாருடையது? கதவுக்கு வெளியே காவல் நிற்க, கட்டிலிலேயே கிடந்த அந்தப் பிள்ளையுடையதா?

சிங்கப்பூர் அரசு அவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை அளித்தது, வேளைக்கு உணவும் கொடுத்தது. பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதால் விடுதிகளில் இறப்பு மிகக் குறைவு. இதையும் சொல்லத்தான் வேண்டும். நான் அந்த நாட்டின் மீது குற்றம் சாட்டவில்லை. பின்னர் அந்த அரசு எதைத் திருத்தியது என்று பாருங்கள். 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கு விதி கொண்டுவந்தது: ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும், அறையோடு சேர்ந்த கழிப்பறை வேண்டும். தொழிலாளியின் அலட்சியம்தான் காரணம் என்று நினைத்திருந்தால் அபராதத்தைக் கூட்டியிருப்பார்கள். அவர்கள் கட்டிலை நகர்த்தினார்கள்.

அங்கிருந்து மும்பை. 2020 ஜூலையில் அந்நகரின் மூன்று வார்டுகளில், மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் பகுதிகளில், ஏறத்தாழ 7,000 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நோய் வந்து போனதற்கான எதிர்ப்புப் பொருள் குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேரிடம் இருந்தது. அதே வார்டுகளின் மாடிக் குடியிருப்புகளில் 16 சதவீதம். மாடிவீட்டில் பாத்திரம் தேய்ப்பவரும் குடிசையில் இருப்பவரும் ஒரே ஆள்தான் பல நேரங்களில். பகலில் பார்த்தால் ஒரே தெரு. இரவில்தான் பிரிகிறது, ஒரு கழிப்பறையை எத்தனை குடும்பம் பகிர்கிறது என்பதில்.

"ஆனால் தாராவி வென்றதே" என்று எதிரணியில் அடுத்துப் பேசும் அம்மா சொல்லக் காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எங்கள் அணியின் சான்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய்த் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் வாழும் தாராவி. இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் நோயாளி. பிணக்காடாகும் என்றே எல்லோரும் அஞ்சினார்கள். அங்கே பெரும்பாலோர் பொதுக் கழிப்பறையைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவற்றை ஒரு நாளில் பலமுறை கிருமிநாசினி தெளித்துக் கழுவினார்கள். வீடு வீடாகப் போய்க் காய்ச்சலும் ஆக்சிஜன் அளவும் பார்த்தார்கள். அந்தத் தெருக்களிலேயே மருத்துவமனை நடத்திய தனியார் மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். தொற்று வந்தவரை "வீட்டில் தனியாக இரு" என்று சொல்லவில்லை, ஏனென்றால் வீட்டில் தனி என்று ஒன்று இல்லை. பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் படுக்கை போட்டு, மூன்று வேளைச் சோறும் போட்டார்கள். ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் தலைவரே தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

ஏப்ரலில் இருந்த அதே மக்கள்தான் ஜூலையிலும் இருந்தார்கள். மூன்று மாதத்தில் 8 லட்சம் பேர் அலட்சியத்தை விட்டுவிட்டு ஞானிகள் ஆகிவிடவில்லை. கழிப்பறை சுத்தமானது, சோறு வந்தது, படுக்க இடம் வந்தது. நோய் இறங்கியது.

இது இன்று நேற்று வந்த பாடமும் அல்ல. 1918இல் கப்பலில் வந்திறங்கிய இன்ஃபுளுயன்சா காய்ச்சல் இதே பம்பாயிலிருந்து நாடெங்கும் பரவி ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பம்பாயில் இறந்தவர்களை அன்றைய சுகாதாரப் பதிவுகள் சமூகவாரியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8 பேர். பார்சிகளில் 9 பேர். தாழ்த்தப்பட்ட சாதிகள் என்று அன்று எழுதிவைத்த மக்களில் ஆயிரத்துக்கு 61 பேர். அந்த எண்ணை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த 61க்கும் 8க்கும் இடையே இருந்தது காற்றோட்டமுள்ள வீடும், கவனித்துக்கொள்ள ஆளும், வேலைக்குப் போகாமல் படுத்திருக்க முடிந்த வசதியும்தான்.

அடுத்து, காய்ச்சலை மறைத்தவர்கள். மறைத்தார்கள். ஏன் மறைத்தார்கள் என்று எதிரணி கேட்கவில்லை. பரிசோதனைக்குப் போனால் முடிவு வரும்வரை வேலை இல்லை. தொற்று உறுதியானால் 14 நாள் கூலி இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு அது விடுப்பு. நாள் கூலிக்காரருக்கு அது வாடகை, பால், வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பது. இதை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் புரிந்துகொண்டது. ஊதிய விடுப்பு இல்லாத தொழிலாளி தனிமைப்படுத்திக்கொண்டால் 1,500 டாலர், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தால் 450 டாலர் என்று 2020இலேயே கையில் கொடுத்தது. மக்கள் காய்ச்சலை ஒளிப்பதற்குப் பணமும் ஒரு காரணம் என்பது அந்த அரசுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊரில் ஆயிரம் ரூபாயும் ரேஷன் அரிசியும் வந்தன. அவை பல வீடுகளில் அடுப்பை எரியவிட்டன, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் 14 நாள் கூலிக்கு அவை ஈடாகுமா?

தடுப்பூசியைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. 2021 மே மாதம் 18 வயது முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு ஊசி திறந்துவிடப்பட்டபோது, செல்பேசியில் முன்பதிவு செய்தால்தான் ஊசி. தனியார் மருத்துவமனைக்கு நிறுவனம் வைத்த விலையே கோவிஷீல்டு 600 ரூபாய், கோவாக்சின் 1,200 ரூபாய். விரல் வேகமும் கையில் காசும் உள்ளவர்கள் முந்தினார்கள். உச்ச நீதிமன்றமே இந்த முன்பதிவு முறையைக் கேள்வி கேட்டது. ஜூன் 21 முதல்தான் எல்லா மாநிலங்களுக்கும் மத்திய அரசே வாங்கி இலவசமாகக் கொடுத்தது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த வாரங்கள் அதற்குள் கழிந்துவிட்டன.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். தகரத்துக்கு வருகிறேன்.

2020 ஜூன். வடசென்னையில் ஒரு சந்து. நண்பர்களோடு அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு வீடு. ஒரே அறை, என் இரு கைகளையும் விரித்தால் சுவருக்கும் விரலுக்கும் இடையே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். மூலையில் ஒரு மறைப்பு, அதுதான் குளியலறை, அதுதான் கழிப்பறை. கணவர் மூட்டை தூக்குபவர். அவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மனைவியையும் மாமியாரையும் மூன்று பிள்ளைகளையும் உள்ளே வைத்து வாசலில் தகரம் அடித்திருந்தார்கள். வீட்டில் குழாய் கிடையாது. சந்து முனையில் ஓர் அடிபம்பு.

முதல் நாட்களில் அக்கம்பக்கத்தார் தகரத்தின் மேல்வழியாகக் குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தார்கள். பிறகு அவர்களுக்கும் பயம் வந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்தாம் நாள் நான் எட்டிப் பார்த்தபோது அந்த அம்மா பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு செம்புத் தண்ணீர். கீழே ஒரு பேசின். மூன்று பிள்ளைகளும் அடுத்தடுத்துக் கை நீட்ட, சோப்பு நுரை கலங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் பேசினோடு மறைப்புக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார், கழிப்பறைக்கு ஊற்ற.

ஏழாம் நாள் காலையில் போனபோது தகரத்தின் கீழ்மூலை மடங்கியிருந்தது. அவர் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தார். தகரம் கிழித்திருந்தது. என்னம்மா என்று கேட்டேன். இரவு இரண்டு மணிக்குச் சந்து உறங்கிய பிறகு, முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டு போய் இரண்டு குடம் அடித்ததாகச் சொன்னார். எதிரணித் தலைவர் குறிப்பிட்டாரே, தகரத்தைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள், அவர்களில் ஒருவர் இவர்.

அடித்து முடித்ததும், மறுநாள் காலையில் ஊரே தொடப்போகும் கைப்பிடி என்று நினைத்து, வீட்டிலிருந்து எடுத்துப்போன சோப்பைப் போட்டு அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழுவியிருக்கிறார். மறுபடியும் அதைத் தொடக்கூடாது என்று, குறைந்துபோன குடத்தைத் திரும்ப நிரப்பாமலே வந்துவிட்டார். கைப்பிடி கழுவ எவ்வளவு தண்ணீர் ஆனது என்று கேட்டேன்.

"அரைக் குடம்" என்றார்.

தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.