டின் வயலினும் பிவிசி குழாயும்

வணக்கமுங்க. கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு வானொலியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். போன கோயில் நோம்பிக்கு எங்கள் ஊரில் பிவிசி குழாயை வைத்து ஒரு சிரிப்புக் கச்சேரி பண்ணினோம், யாரோ இங்கே சொல்லிவிட, கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

இந்தக் கிறுக்கை எங்களுக்கு ஏற்றிவிட்டவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள். லெஸ் லூத்தியேர்ஸ் என்று ஒரு குழு, 1967-இல் புவெனோஸ் அயர்ஸில் தொடங்கி 2023 வரை மேடை ஏறினார்கள். ஆரம்பித்து வைத்த கெரார்டோ மசானா, தொழிலால் கட்டிடக் கலைஞர். குழு தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, பேதி மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டை வைத்து ஐரோப்பிய இசைமேதை பாக் பாணியில் ஒரு கோரஸ் பாட்டுக் கட்டினார். நம்மூர்க் கணக்கில், 'இரவு படுக்குமுன் ஒரு மாத்திரை' என்று கல்யாணி ராகத்தில் பல்லவி எடுத்து, அந்த வரியையே திரும்பத் திரும்ப விரித்து நிரவல் பண்ணினால் எப்படி இருக்கும், அப்படி!

வாத்தியங்கள்தான் விசேஷம். இறைச்சி அடைத்து வந்த தகர டின்னில் வயலின், டைப்ரைட்டர் சாவியைத் தட்டினால் அலுமினியக் குழாயில் அடிக்கும் வாத்தியம், பந்துகளை அமுக்கி வாசிக்கும் ஆர்மோனியம். திருப்பூரில் துணி ரோல் சுற்றி வருமே, அந்த மாதிரி அட்டைக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று விட்டு, இழுத்து இழுத்து ஊதுகிற பெரிய குழல் ஒன்று. இத்தனையும் வாசிப்பவர்கள் கோட்டு சூட்டில், முகத்தில் சிரிப்பே இல்லாமல். முண்ட்ஸ்டாக் என்பவர் (அவரும் வானொலி அறிவிப்பாளர்தான்) மாஸ்ட்ரோபியேரோ என்று ஒரு இசைமேதையின் சரித்திரத்தை பயபக்தியோடு வாசிப்பார். அப்படி ஒரு மேதை பிறக்கவே இல்லை, எல்லாம் கற்பனை.

சரி, நாமும் பண்ணலாம் என்று இறங்கினோம். குழாயைப் பாதியாக அறுத்தால் மேல் ஸட்ஜம் (மேல் 'ஸ'), மூன்றில் இரண்டு பங்கு வைத்தால் பஞ்சமம் ('ப'), கணக்கு சுலபம். அறுத்துத் தட்டினால் மேல் ஸட்ஜம் கொஞ்சம் இறங்கிக் கேட்கிறது! குழாய் வாயைத் தாண்டியும் காற்று சிறிது தூரம் அதிர்வதால், கணக்கைவிடக் கொஞ்சம் குட்டையாகத்தான் அறுக்க வேண்டுமாம், அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அப்புறம் ஆத்திரத்தில் இன்னொரு குழாயை அரை இஞ்ச் அதிகமாகவே அறுத்துத் தொலைத்தேன். என் அக்கா மகன், "விடுங்க மாமா, மேலே ஒரு கப்ளிங் மாட்டி இழுத்துச் சேர்த்துக்கலாம்" என்றான். பார்த்தால் அதுதானே அந்த அட்டைக் குழலின் வேலை!

கச்சேரி அன்று பையன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் குழாய் வாயில் தட்டப் போனதுமே ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒரு நிமிஷம்தான் நிற்கும், அதற்குள் பாட்டு சுருதியோடு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் குழாய், வெறும் செருப்பு. நல்லவேளை, வந்தது. கூட்டம் ஒரு கணம் அடங்கி, அப்புறம் சிரித்ததே, அதுதான் சிரிப்பு.

முடிந்ததும் எங்கள் கொங்கு நாட்டு அண்ணமார் கதைக்கு உடுக்கை அடிக்கிற பெரியவர் வந்தார். "சுருதி சேருதுங்க. செருப்பு மட்டும் கோயில் வாசல்ல வேண்டாமுங்களே" என்றார். நியாயம்தானே. இந்த வருஷம் பனைமட்டையில் சைக்கிள் டயரை வெட்டி ஆணி அடித்திருக்கிறோம். நாதம் கனமாகவே வருகிறது, ஆனால் ஒத்திகை பார்க்க வந்த பொடிசுகள் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை.