தண்ணீர் மாறுகிறவர் நின்றுபோனால்

தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் வணக்கம்.

கிளினிக்கில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எனக்குக் கர்ப்பப்பையில புற்றுநோய் எண்டால் என்ரை பிள்ளைக்கும் வருமோ டொக்டர்?" மாதவிடாய் நின்று எட்டு வருஷம் கழித்து அவருக்கு உதிரம் பட்டிருக்கிறது. ஐந்து மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. விடிய முன் எழும்பிக் கிணற்றடியில் துணியை அலசி, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் காயப்போட்டிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் 'பரம்பரையலகு' (ஜீன்) என்று படித்தோம். அந்தப் பெயரே பயப்படுத்துகிறது. ஆனால் இந்த நோயில் அதில் வரும் விகாரம், அதாவது பழுது, பெரும்பாலும் பரம்பரையாக வந்ததல்ல. அவரவர் கர்ப்பப்பைக் கலத்துக்குள்ளேயே பிற்காலத்தில் உண்டாவது.

கோப்பாய்ப் பக்கம் வெங்காயத்துக்கு இறைக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். மெசின் ஓடிக்கொண்டிருக்கும். மண்வெட்டியோடு நிற்பவர் பாத்தி நிறைந்ததும் வாயை அடைத்துத் தண்ணீரை மாறுவார். கர்ப்பப்பையின் உட்படலத்துக்கு ஈஸ்திரஜன்தான் மெசின். 'போதும்' என்று வாயை அடைப்பவர்களில் ஒருவர் பிடென் என்ற பரம்பரையலகு, 1997இல் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் படுத்தாலும் மற்றவர் சமாளிப்பார். இரண்டு பேரும் போனால் பாத்தி மூழ்கும், உட்படலத்தின் கலங்கள் அடங்காமல் பெருகும். மாதவிடாய் நின்றால் மெசினும் நின்றது என்று நினைக்காதீர்கள், உடம்பிலுள்ள கொழுப்பும் ஈஸ்திரஜன் உண்டாக்கும்.

இன்னொரு காவல்காரர் பி53 என்ற பரம்பரையலகு. அது கெட்டு வருகிற வகை வேகமாகப் பரவும். நோயின் பெயர் ஒன்று, குணம் வேறு. அதனால்தான் சதைத்துண்டு எடுத்துச் சோதிக்கிறோம். பாப் சோதனை கர்ப்பப்பைக் கழுத்துக்கானது. அது நல்லாக இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

மாதவிடாய் நின்றபின் உதிரம் பட்ட பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் இந்தப் புற்றுநோய் வந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு உதிரம் பட்டிருக்கிறது. ஒரு துளி என்றாலும் அந்தக் கிழமையே வாருங்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சரி, அந்த அம்மாவின் கேள்வி. இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றில் மூன்று பேரளவில் லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கும். அப்படியானால் பிள்ளைக்குக் கடத்தப்படும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அந்தக் குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோயும் வரும். ஆகவே வரும்போது ஆருக்கு, எந்த வயதில், என்ன புற்றுநோய் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த அம்மா அடுத்த முறை மகளைக் கொண்டு கொப்பித்தாளில் எழுதுவித்து, இரண்டாய் மடித்துக் கொண்டுவந்தார்.