கூடி இசைப்பதே பேரின்பம்

(கல்லடியில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "இசையில் பேரின்பம் தருவது தனிமைச் சாதகமா, நண்பர்களோடு கூடி இசைப்பதா?" கூடி இசைப்பதே என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், எதிரே அமர்ந்து அழகாக வாதாடிய நண்பர்களுக்கும், பாயிலும் கதிரையிலும் நெருக்கமாக அமர்ந்திருக்கும் மட்டக்களப்புப் பெருமக்களுக்கும் என் வணக்கம்.

எதிரணித் தலைவி வலுவாகவே பேசினார். விடியற்காலையில் தனியே அமர்ந்து செய்யும் சாதகத்தில்தான், அதாவது இடைவிடாத பயிற்சியில்தான், இசை பிறக்கிறது என்றார். காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் தனிமையில் உழைத்துத்தான், பழந்தமிழரின் யாழை ஆராய்ந்த யாழ் நூலைத் தந்தார் என்றார். இன்று ஒரு கணினி இருந்தால் வயலினும் மிருதங்கமும் குழலும் ஒருவரே அமைத்துக்கொள்ளலாம், நண்பர்கள் எதற்கு என்றும் கேட்டார்.

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கணினியில் நானும் இசை அமைத்திருக்கிறேன். நான் இட்ட தாளத்தை அது இம்மியும் பிசகாமல் வாசிக்கும். ஆனால், நடுவர் அவர்களே, பாடும்போது ஒரு சொல்லில் நான் உருகி நின்றுவிட்டால் அது எனக்காக நிற்பதில்லை. நான் கொடுத்ததையே எனக்குத் திருப்பித் தருகிறது. நான் நினைத்தே பார்க்காத ஒன்று என் பாட்டுக்குள் வந்து சேர்வதுதான் இசையில் நான் கண்ட உச்ச இன்பம். அதை எனக்குத் தந்தவர்கள் நண்பர்கள்.

எங்கள் கூட்டம் பின்னேரங்களில் கல்லடிக் கடற்கரையில் கூடும். ஒருவர் கிட்டார், ஒருவர் வயலின், காத்தான்குடி நண்பர் கையால் தட்டும் றபான் மேளம், நான் பாட்டு. ஒரு நாள் மெட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். மோகன இராகத்தில் இரண்டு அடி அமைந்துவிட்டது; மூன்றாவது அடி வரவே இல்லை. எப்படிப் பாடினாலும் முதலடியின் சாயல்தான் வந்தது. அப்போது கிட்டார் வாசித்தவர், ஒரு வார்த்தையும் பேசாமல், ஆதாரமாக ஒலித்த ஷட்ஜத்தை, அதாவது 'ச'வை, விட்டுவிட்டு அடுத்த சுரமான ரிஷபத்தில் போய் நின்றார். நான் பாடிய சுரங்கள் மாறவில்லை. அதே ஐந்து சுரங்கள். ஆனால் மோகனத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாகக் கொண்டால் கிடைப்பது மத்தியமாவதி என்ற வேறோர் இராகம். கிரக பேதம் என்று இதை நான் படித்திருந்தேன், தேர்வில் எழுதியும் இருந்தேன். என் குரலிலிருந்தே, நான் பாட நினைக்காத ஓர் இராகம் எழுந்து வருவதை அன்றுதான் உணர்ந்தேன். வயலின் வாசித்தவர் வில்லை நிறுத்தி என்னைப் பார்த்தார். றபான் தானாகவே நடையைத் தளர்த்தியது. மூன்றாவது அடி அங்கே பிறந்துவிட்டது. அதை இயற்றியவர் யார்? சுரம் பாடிய நானா, ஆதாரத்தை மாற்றிய அவரா? எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதில் எங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி!

இது ஏதோ எங்கள் கடற்கரைக் கதை மட்டும் என்று எண்ண வேண்டாம். கச்சேரியில் தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் கேட்டிருப்பீர்கள். மிருதங்கமும் கடமும் மாறிமாறி வாசிக்கும்போது முதலில் ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் இரண்டு முழுச் சுற்று, எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஒன்று, அரை, கால் என்று அளவு குறைந்துகொண்டே வரும். குறைப்பு என்பது இதுதான். ஒருவர் கேட்க, மற்றவர் சொல்ல, கேள்வி சுருங்கச் சுருங்கப் பதிலும் சுருங்கி, கடைசியில் யார் கேட்டார், யார் சொன்னார் என்பது சபைக்குத் தெரியாமல் போகும். அந்த வேளையில் இருவரும் ஒன்றாகி முடிவை நோக்கிய கோப்பான மோராவைத் தொட்டு, நிறைவுச் சொற்கட்டான கோர்வையை மூன்று முறை வாசித்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து இறங்குவார்கள். அப்போது அந்த இரண்டு முகங்களையும் பாருங்கள். கைதட்டலைக்கூட அவர்கள் கேட்பதில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். தனி அறையில் எத்தனை ஆண்டு சாதகம் செய்தாலும் அந்தச் சிரிப்பு வராது.

விக்கு விநாயகராம் 1970களில் தம் கடத்தை எடுத்துக்கொண்டு, ஜான் மெக்லாஃப்லினின் கிட்டாரோடும் ஜாகிர் உசேனின் தபேலாவோடும் எல். சங்கரின் வயலினோடும் சக்தி குழுவில் அமர்ந்தார். அவர்கள் கற்ற மரபுகள் வேறுவேறு. அந்தக் குழு பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கூடியபோது விநாயகராமின் மகன் செல்வகணேஷ் அதில் இருந்தார். 2024இல் கிராமி விருதும் வந்தது. விருதைவிட, மறுபடியும் கூடி வாசிக்க அவர்களுக்குத் தோன்றியது என்பதுதான் எனக்குப் பெரிது.

நம் ஊருக்கே வருகிறேன். கூத்தின் இரு பாணிகளான வடமோடியோ தென்மோடியோ, ஒரு கூத்து எப்படி உருவாகிறது? ஆடுவோருக்குப் பாடம் எழுதிய சட்டம் கொடுத்து, சதங்கை அணிந்து, வாரந்தோறும் கிழமைக்கூத்து ஆடி, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, பிறகுதான் அரங்கேற்றம். மாதக்கணக்கில் ஊரே கூடிப் பழகும். ஆடுகளமான களரியில் ஆடுபவர் தரு என்ற பாட்டைப் பாட, பிற்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாட, சல்லரித் தாளம் ஒலிக்க, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆடுபவரின் காலைப் பார்த்து மத்தளத்தை முடுக்குவார். ஆடுபவருக்குக் களைத்துவிட்டது என்றால் பிற்பாட்டு நீளும். அவர் உற்சாகத்தில் இருந்தால் தாளக்கட்டு இறுகும். இவை சட்டக் கொப்பியில் எழுதப்பட்டவை அல்ல. ஒருவரை ஒருவர் நன்கு அறிந்தவர்களுக்கு மட்டுமே அந்த நேரத்தில் தோன்றுபவை. அறுவடை முடிந்த களைப்போடு இரவெல்லாம் விழித்துப் பழகினார்களே நம் முன்னோர்! இன்பம் இல்லாமலா வந்தார்கள்?

அம்பாறைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வழங்கும் கவி என்ற நாட்டார் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு கவி சொன்னால் மற்றவர் அதற்கு எதிர்க்கவி சொல்ல வேண்டும். பைலாப் பாட்டின் போட்டி வடிவமான வாத பைலாவில் இருவர் மேடையேறி, நாங்கள் இங்கே வாதாடுவதைப் போல, நின்ற இடத்திலேயே அடி கட்டிப் பாடி மோதுவார்கள். எதிராளி இல்லாவிட்டால் அந்தக் கலையே இல்லை.

அடிகளாருக்கு வருகிறேன். அவருடைய தனிமை உழைப்பின் முன் நான் தலைவணங்குகிறேன். யாழ் நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடிகள் ஆராய்ந்து கணக்கிட்டு மீட்டெடுத்த யாழ்களை அன்று அவையில் மீட்டியவர் க. பொ. சிவானந்தம் பிள்ளை. அடுத்த மாதம் அடிகள் மறைந்துவிட்டார். பழைய நூல்களுக்குள் உறங்கிய நரம்புகள் ஒலிக்கும் வேளை வந்தபோது இன்னொருவரின் விரல்கள் அவருக்கு வேண்டியிருந்தன. எதிரணித் தலைவி தந்த சான்றை நான் நன்றியோடு என் பக்கம் எடுத்துக்கொள்கிறேன்.

நம் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களும் என் கட்சிதான். 1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், இரவில் தோணியில் போய் அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். அது நீண்டொலிக்கும் ஒற்றைச் சுரம் அல்லவாம். தனித்தனியே தெளிவாகக் கேட்கும் எண்ணற்ற சின்னஞ்சிறு ஒலிகள், உச்சமும் மந்தரமும் கலந்து வந்தனவாம்.

சாதகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரல் பழகாதவரோடு கூடி வாசிப்பது எவ்வளவு துன்பம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பேசக் கற்றுக்கொண்ட பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் தாய் மகிழ்வாளா? அந்த நேரத்தில் தோன்றும் சுரங்களைக் கற்பனாசுரமாகப் பாடுபவர் ஒரு கோவையை முடித்துவிட்டு வயலின் பக்கம் ஏன் திரும்பிப் பார்க்கிறார்? பதிலுக்காகத்தான், ஐயா. அத்தனை ஆண்டு சாதகமும் அந்தப் பதிலைக் கேட்கும் காதைப் பெறத்தான்.

நடுவர் அவர்கள் எங்கள் பக்கம் தீர்ப்பளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எதிரணித் தலைவி நன்றாகப் பாடுவார் என்பது இந்த ஊருக்கே தெரியும். றபானும் கிட்டாரும் வயலினும் வெளியே எங்கள் ஆட்டோவில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் அவர் விரும்பிய இராகத்தை எடுக்கட்டும், நாங்கள் தொடர்கிறோம். வணக்கம்.