மூடியில் எழுதிய எண்

அவையோருக்கு வணக்கம்.

பிடித்த இந்திப் படங்களைப் பற்றிப் பேசுங்கள் என்றால் இருபது பெயர்களை வாசித்துவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடலாம். அதனால் யாருக்கும் லாபமில்லை. நான்கே நான்கு படங்களை எடுத்துக்கொள்கிறேன். நான்கும் பம்பாய்ப் படங்கள். மீசை முறுக்குகிற வில்லன் எதிலும் இல்லை. இடம், நேரம், காசு என்ற மூன்றும் சேர்ந்துதான் அங்கே வில்லன்.

ஒரு படத்தில் அன்றாட வாழ்க்கை நிஜமாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அதில் வருகிற சாதாரணப் பொருள் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்துப் பாருங்கள். கதை அது பாட்டுக்கு ஓடினால் அந்தப் பொருள் வெறும் செட் சாமான். கதை நொண்டினால் அங்கே வாழ்க்கை இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் பொருள் ஸ்கூட்டர். 1975-இல் 'ஷோலே'யும் 'தீவார்' படமும் வந்து திரையரங்குகளைக் கிடுகிடுக்க வைத்தன. அடுத்த வருடமே பாசு சாட்டர்ஜியின் 'சோட்டி சி பாத்' வந்தது. பெயருக்கு 'சின்ன விஷயம்' என்று பொருள். அமோல் பாலேகர் கூச்ச சுபாவமுள்ள ஆபீஸ்காரர் அருண். வித்யா சின்ஹா பிரபா. அருணின் காதல் பஸ் ஸ்டாப்பில் வளர்கிறது. வளர்கிறது என்றால் அவர் மனசுக்குள் மட்டும். பஸ் வரிசைக்கு ஒரு குணம் உண்டு. பிடித்தவர் பின்னால் தினமும் நிற்கலாம், அவர் பிடரியைப் பார்க்கலாம், ஒரு வார்த்தை பேச முடியாது. கண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டிவிட்டால் அதோடு அன்றைய கதை முடிந்தது.

அந்த நேரத்தில்தான் போட்டிக்கு அஸ்ரானி ஸ்கூட்டரில் வந்து நிற்கிறார். இன்றைய இளைஞருக்கு இந்தக் காட்சியின் முழுக் கனமும் தெரியாது. அந்தக் காலத்தில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காசு மட்டும் இருந்தால் போதாது, வரிசையில் முன்னால் இருக்கவும் வேண்டும். அதனால் ஸ்கூட்டர் வைத்திருப்பவர் ஏற்கெனவே ஒரு வரிசையை ஜெயித்தவர். பஸ் வரிசையில் நிற்பவரால் அவரோடு எப்படிப் போட்டி போட முடியும்?

அருண் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி ஏமாறுகிறார். பழைய வண்டி வாங்கப் போகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை இன்ஜினைக் கையால் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே அவர்கள் உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிக் கிடக்கிற இன்ஜின் எத்தனை உதையில் கிளம்புகிறது என்பதுதான் அந்த வண்டியின் ஜாதகம். அருண் இதையெல்லாம் கேட்கிற ஆளா? கேட்கிற ஆளாக இருந்தால் பிரபாவிடமும் எப்போதோ பேசியிருப்பாரே!

இந்தக் கதையின் மூலம் 1960-இல் வந்த 'ஸ்கூல் ஃபார் ஸ்கவுண்ட்ரல்ஸ்' என்ற பிரிட்டிஷ் படம். அங்கே கதாநாயகன் தலையில் ஓட்டைக் காரைக் கட்டுகிறார்கள். பம்பாய்க்கு வந்ததும் அது மோட்டார் சைக்கிள் ஆகிறது. அங்கே டென்னிஸ், இங்கே டேபிள் டென்னிஸ். கதையைக் கடன் வாங்கியவர்கள் சம்பளக் கணக்கைக் கடன் வாங்கவில்லை. தழுவல் செய்கிற நம் ஊர் இயக்குநர்கள் இந்த ஒரு படத்தை மேஜையில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பொருள் சமையலறைத் தாழ்ப்பாள். 1972-இல் அதே பாசு சாட்டர்ஜி எடுத்த 'பியா கா கர்', 'மும்பைச்சா ஜாவாய்' என்ற மராத்திப் படத்தின் மறு ஆக்கம். கிராமத்திலிருந்து கல்யாணமாகி வருகிற ஜெயா பாதுரி, கூட்டுக் குடும்பம் நெருக்கியடித்து வாழ்கிற சின்னஞ்சிறு வீட்டுக்குள் நுழைகிறார். புதுமணத் தம்பதிக்கு இரவில் ஒதுங்கக் கிடைப்பது சமையலறை.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். அளவுக்கு பம்பாயின் பிடிடி சால்களை எடுத்துக்கொள்வோம். 1920-களில் அரசு கட்டிய தொழிலாளர் குடியிருப்புகள் அவை. மொத்தம் 207 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் தரைத்தளமும் மூன்று மாடிகளும். ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி. ஒரு ஆள் படுக்க ஆறுக்கு இரண்டரை அடி பாய், அதாவது 15 சதுர அடி. ஏழு பேர் என்றால் 105. மிச்சமிருக்கிற 55 சதுர அடியில் அடுப்பு, தண்ணீர் டிரம், டிரங்குப் பெட்டி, சாமி படம், கதவு திறக்க இடம். இதில் புரண்டு படுப்பதே பொது விஷயம்.

சமையலறையை ஒதுக்கிக் கொடுத்தாலும் அது இரவு முழுவதுக்கும் கிடைக்காது. சாலில் தண்ணீர் விடிவதற்கு முன்னால், கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும். டிரம் நிரப்பியாக வேண்டும், கதவைத் தட்டியாக வேண்டும். கழிப்பறை வராந்தாக் கோடியில் இருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லோரும் எல்லா வாசலையும் கடந்துதான் போக வேண்டும். இந்த வீட்டில் மாமியார் நல்லவர், மாமனார் நல்லவர். ஆனாலும் மருமகள் தவிக்கிறாள். கொடுமைக்காரர் யாருமே இல்லாமல் வீட்டின் அளவே ஒரு பெண்ணை அழவைக்கும் என்று இவ்வளவு சிரிப்போடு சொன்ன படம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

நடுவில் ஒரு வார்த்தை. இந்த வகைப் படங்களைப் பற்றிப் பேசும்போது ஹிரிஷிகேஷ் முகர்ஜியின் 'கோல்மால்' ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். 1981-இல் பாலசந்தர் தமிழில் 'தில்லு முல்லு' என்று எடுத்தார். மீசையை எடுத்துவிட்டால் கதை விழுந்துவிடும். நம் சோதனையில் முதல் மார்க். மேலே போவோம்.

மூன்றாவது பொருள் ரசீது. பீம்சேன் இயக்கிய 'கரோந்தா', 1977. அந்தச் சொல்லுக்குத் தமிழில் கச்சிதமான வார்த்தை இருக்கிறது: சிற்றில். ஆண்டாள் கண்ணனிடம் சிதைக்காதே என்று கெஞ்சுகிறாளே, அந்த மணல் வீடு. ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிற சுதீப்பும் சாயாவும், அதாவது அமோல் பாலேகரும் ஜரீனா வஹாபும், கல்யாணத்துக்கு முன் ஒரு பிளாட் வாங்கிவிட வேண்டும் என்று காசு சேர்க்கிறார்கள். குல்சார் எழுதி, பூபிந்தரும் ரூனா லைலாவும் பாடிய 'தோ தீவானே ஷஹர் மே' பாட்டு முழுக்க இரண்டு பைத்தியங்கள் நகரத்தில் கூடு தேடுகிற கதைதான். முன்பணம் வாங்கிய பில்டர் ஒருநாள் ஓடிப்போகிறார். அதன் பிறகு சுதீப் சொல்கிற யோசனைதான் படத்தைக் கசப்பாக்குகிறது: பணக்கார முதலாளி உன்மேல் ஆசைப்படுகிறார், இதய நோயாளி வேறு, அவரைக் கல்யாணம் செய்துகொள், சொத்து நமக்கு வரும். நல்லவன் ஒருவன் இந்த இடத்துக்கு வந்து சேர எத்தனை சதுர அடி ஏமாற்றம் தேவைப்படுகிறது பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது சட்டம் ஏற்கெனவே இருந்தது என்பது. மகாராஷ்டிரத்தில் 1963-லேயே பிளாட் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. முன்பணம் வாங்குவதற்கு முன் பில்டர் எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். வாங்கிய பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். படம் வந்தபோது அந்தச் சட்டத்துக்கு 14 வயது. கோளாறு எங்கே வருகிறது? வாங்குபவர் கையில் ஒரு ரசீதும், அலுவலகச் சுவரில் ஒரு வண்ண வரைபடமும் மட்டும் இருக்கும். நிலம் யார் பேரில் இருக்கிறது, கட்ட அனுமதி எத்தனை மாடிக்கு, பணம் எந்தக் கணக்கில் போகிறது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டால் பில்டர் கோபித்துக்கொண்டு விலையை ஏற்றிவிடுவாரோ என்ற பயம். 2016-இல் வந்த ரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பொறியாளர், கட்டடக் கலைஞர், ஆடிட்டர் மூவரும் சான்று தந்தால், கட்டி முடித்த அளவுக்குத்தான் எடுக்கலாம். 'கரோந்தா' பார்த்தவர்கள் இந்தப் பிரிவைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். பாலு மகேந்திராவின் 'வீடு' பார்த்தவர்களுக்கு அந்தப் பெருமூச்சு தமிழிலேயே பழக்கம்.

நான்காவது, எனக்கு மிகவும் பிடித்தது. 2013-இல் ரித்தேஷ் பத்ரா எடுத்த 'தி லஞ்ச்பாக்ஸ்'. பொருள்: நான்கடுக்கு டப்பா.

பம்பாயில் வீட்டுச் சாப்பாட்டை ஆபீஸுக்குக் கொண்டு சேர்க்கிற டப்பாவாலாக்களின் வேலை தெரிந்தால் படம் இரண்டு மடங்கு ருசிக்கும். காலையில் வீடு வீடாக டப்பா எடுப்பவர் ஒருவர். உள்ளூர் ஸ்டேஷனில் அவற்றைப் பிரித்து, போகிற இடவாரியாக நீள மரத்தட்டுகளில் அடுக்குகிறார்கள். ஒரு தட்டில் முப்பது நாற்பது டப்பா. தலையில் தூக்கி ரயிலின் சாமான் பெட்டியில் ஏற்ற வேண்டும், ரயில் நிற்பது நொடிக் கணக்கில். இறங்குகிற ஸ்டேஷனில் மறுபடி பிரிப்பு. பிறகு கைவண்டி, சைக்கிள், மாடிப்படி. பகல் சாப்பாட்டு மணிக்கு மேஜைக்கு வந்துவிடும். சாப்பிட்டு முடித்ததும் காலி டப்பா அதே வழியில் வீடு திரும்பும்.

மூடியில் பெயர் இருக்காது, விலாசம் இருக்காது. பெயின்டில் எழுதிய சில எழுத்தும் எண்ணும்தான்: கிளம்பிய ஸ்டேஷனுக்கு ஒரு குறி, இறங்கும் பகுதிக்கு நடுவில் பெரிதாக ஓர் எண், கொண்டு சேர்ப்பவர், கட்டடம், மாடி ஆகியவற்றுக்கு ஓரத்தில் சிறு குறிகள். ஒரே டப்பா பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கையும் தனக்கு வேண்டிய குறியை மட்டும் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளுகிறது.

படத்தில் இலா, அதாவது நிம்ரத் கவுர், தன் புருஷனுக்கு அனுப்புகிற டப்பா சாஜன் ஃபெர்னாண்டஸ் என்ற ஆபீஸ் கணக்கரிடம், அதாவது இர்ஃபான் கானிடம் போய்ச் சேருகிறது. இது நடக்கவே நடக்காது என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. தவறில் இரண்டு வகை இருக்கிறது. ஸ்டேஷன் நெரிசலில் இரண்டு டப்பா கைமாறினால் அது ஒருநாள் தவறு. மறுநாள் தானே சரியாகிவிடும். மூடியில் இருக்கிற குறியே தவறு என்றால் அது தினமும் நடக்கும், ஏனென்றால் வழியிலுள்ள ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். படத்தில் தவறு நாள்தோறும் திரும்ப நடப்பதால் அதை இரண்டாவது வகை என்றே நான் படிக்கிறேன். ஒழுங்கு எவ்வளவு கறாரோ, தவறும் அவ்வளவு கறார். இலா புகார் செய்யும்போது தவறு நடக்காது என்பதற்கு டப்பாவாலா ஹார்வர்டு பல்கலைக்கழகத்தையே சாட்சிக்கு இழுக்கிறார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் சொல்வது சரிதான்.

டப்பா மாறினால் இரண்டு பக்கமும் மாறும். சாஜனுக்கு வர வேண்டிய ஹோட்டல் சாப்பாடு, ஆலு கோபி, இலாவின் புருஷனுக்குப் போகிறது. அவருக்கு மனைவியின் கைப்பக்குவத்துக்கும் ஹோட்டல் காலிஃபிளவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் மனைவியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று ஒரு வசனம்கூட இல்லாமல் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

டப்பாவுக்குள் இலா வைத்த சீட்டுக்கு சாஜன் எழுதுகிற முதல் பதில் இன்று உப்பு அதிகம் என்பது. அவ்வளவுதான். மேல் மாடி தேஷ்பாண்டே அத்தை கொதித்துப்போய்க் கயிற்றுக் கூடையில் மிளகாய் இறக்குகிறார். மறுநாள் காரம் தூக்கலாகப் போகிறது. உப்பு சரி, காரம்தான் கொஞ்சம் கூடுதல், அதற்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டேன் என்று அடுத்த சீட்டு வருகிறது. ஒருவர் மனசு இன்னொருவருக்குத் திறக்கிற இடம் அந்த வாழைப்பழம். அத்தையைப் படம் முழுக்க நாம் பார்ப்பதில்லை. பாரதி ஆச்ரேக்கரின் குரல் மட்டும். அவருடைய கணவர் நினைவின்றி மின்விசிறியைப் பார்த்தபடி கிடக்கிறார், அதனால் விசிறியை நிறுத்த அத்தைக்குப் பயம். ஓடுகிறபோதே துடைக்கிறார்.

கடைசியில் சாஜன் இலாவைத் தேடிக் கிளம்புகிறார். இலாவின் சமையல் தெரியும், கையெழுத்து தெரியும், துக்கம் தெரியும். வீடு தெரியாது. மூடியில் விலாசம் எழுதுகிற வழக்கம் கிடையாதே! மூடியின் குறிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் சாயங்கால ரயிலில் தாளம் தட்டி, ஞானோபா துக்காராம் என்று மராத்தி பக்திப் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் நடுவில் சாஜன் உட்கார்ந்திருக்கிறார்.