கொடுத்த பிறகு அது யார் சொத்து?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். இசைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த விளம்பர இசைத்தட்டைப் பழைய ரெக்கார்ட் கடைகள் காசுக்கு விற்பது தவறு என்று எதிரணி நண்பர் உருக்கமாகப் பேசினார். "அட்டையிலேயே 'விற்பனைக்கு அல்ல' என்று போட்டிருக்கிறதே, படிக்க வேண்டாமா?" என்று கேட்டார். படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் எந்தப் பழைய ரெக்கார்ட் கடையிலும் இவற்றைப் பார்க்கலாம். சிலதில் அட்டையின் மூலை வெட்டியிருக்கும். சிலதில் பார்கோடு மேல் ஓட்டை போட்டிருக்கும். சிலதில் தங்க நிற முத்திரை. எல்லாம் வானொலி நிலையங்களுக்கும் பத்திரிகை விமர்சகர்களுக்கும் அனுப்பியவை. முத்திரையைக் குத்தியது கம்பெனி. சரி, அதற்குச் சம்மதம் சொன்னது யார்?

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போனது. ட்ராய் அகஸ்டோ என்பவர் இப்படிப்பட்ட சிடிகளைக் கடைகளில் வாங்கி ஈபேயில் விற்றார். அவற்றை வெளியிட்ட இசைக் கம்பெனியான யுனிவர்சல் மியூசிக் அவர்மேல் வழக்குப் போட்டது. "சிடி எங்கள் சொத்து, கேட்பதற்கு மட்டும்தான் கொடுத்தோம்" என்பது அவர்கள் வாதம். தபாலில் பெற்றவர் அதைக் குப்பையில் போடுவதுகூட அனுமதியில்லாத விநியோகம் என்று வாதாடினார்கள். தூக்கிப்போடவும் உரிமை இல்லையென்றால், தபாலில் தானாக வந்து விழுந்ததை ஒருவர் ஆயுள் முழுக்கக் காவல் காக்க வேண்டுமா? கலிபோர்னியா நீதிமன்றம் 2008ல் அகஸ்டோ பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2011ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. சிடிகளுக்கு எண் போடவில்லை, யாரிடம் இருக்கிறது என்று கணக்கு வைக்கவில்லை, திருப்பிக் கேட்கவும் இல்லை. அப்புறம் எப்படி அது கம்பெனியின் சொத்து? கேட்காமல் தபாலில் வந்த சரக்கைப் பெற்றவர் தன் இஷ்டப்படி செய்துகொள்ளலாம் என்று அந்த நாட்டுச் சட்டமும் சொல்கிறது.

"சட்டம் இருக்கட்டும், நியாயம் என்ன?" என்றார் நண்பர். நல்ல கேள்வி. 1908லேயே இதே மாதிரி ஒன்று நடந்தது. ஒரு பதிப்பகம் தன் நாவலில், ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அச்சடித்தது. மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. விற்றது சரிதான் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். பொருளைக் கைவிட்ட பிறகும் அதன்மேல் ஒரு வரி அச்சடித்து, அது போகிற இடமெல்லாம் அதிகாரம் செய்ய முடியாது என்பதுதான் அதன் சாரம். அந்த வரியை ஒப்புக்கொள்ளாத மூன்றாம் ஆளை, அதாவது நம் கடைக்காரரை, குற்றவாளி ஆக்குவதில் என்ன நியாயம் இருக்கிறது?

இன்னொன்று. ரீமிக்ஸ், நேரடிப் பதிவு என்று விளம்பரத்துக்காக மட்டுமே அச்சாகி, விற்பனைக்கே வராத தட்டுகள் ஏராளம். வானொலி நிலையம் அலமாரியைக் காலி செய்யும்போது அவற்றை வாங்கி, துடைத்து, தேடி வருகிற ரசிகனின் கையில் சேர்ப்பவர் கடைக்காரர். அவர் இல்லையென்றால் அந்தப் பாட்டு குப்பைக்குத்தான் போகும். இதை நான் சேவை என்றே சொல்வேன்.

படம் வருவதற்கு முன்னால் திருட்டு விசிடி வருவது போல, ஆல்பம் வெளியாகும் தேதிக்கு முன்பே விளம்பரப் பிரதியை விற்கிற கடை இருந்தால், அதற்காக நான் வாதாட மாட்டேன். அது அந்தக் கலைஞரின் முதல் வார விற்பனையில் கை வைப்பது.

ஆனால் "கலைஞனுக்கு ஒரு காசு போகவில்லையே" என்று நண்பர் கலங்கினாரே, அதற்குப் பதில் சொல்லாமல் இறங்க முடியாது. போகவில்லைதான். இலவசப் பிரதிக்கு ராயல்டி கிடையாது என்பது இசை ஒப்பந்தங்களில் வழக்கமான ஷரத்து. அதை எழுதியது கம்பெனி, கடைக்காரர் இல்லை. ஒரு விளம்பரப் பிரதிக்காவது கலைஞருக்குக் காசு கொடுத்த கம்பெனி எது என்பதை, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்த மேடையில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.