கைதடியில் ஐந்து ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

2013 செப்டெம்பர் 21. வடக்கு மாகாண சபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்த நாள். முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரன் அவர்கள் அரசியலுக்கு வந்து சில மாதங்கள்தான். யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்கு விழுந்த விருப்பு வாக்கு 132,255. அடுத்து வந்தவருக்கு 87,870. இவ்வளவு வாக்கோடு, வடக்கு மாகாண சபை இருந்த கைதடிக்கு முதலமைச்சராகப் போன ஒருவரால் எதைச் செய்ய முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில், அன்று சபைக்கு உள்ளே போகும் வழி. வடக்குக்கு 38 ஆசனம். மாவட்டக் கணக்கில் 36: யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, மன்னார் 5, முல்லைத்தீவு 5, கிளிநொச்சி 4. மிச்சம் இரண்டும் போனஸ்; மாகாணம் முழுவதிலும் கூடிய வாக்கு எடுத்த கட்சிக்குப் போனது. வேட்பாளர் பட்டியலில் ஆசனத்தைவிட மூன்று பெயர் கூடுதலாக இருக்க வேண்டியிருந்தது. ஆகவே யாழ்ப்பாணத்தில் ஒரு கட்சிக்கு 19 பேர். வாக்காளர் முதலில் கட்சிச் சின்னத்துக்கு நேரே புள்ளடி போட வேண்டியிருந்தது. அதன் பிறகு, விரும்பினால், மூன்று இலக்கங்களுக்கு மட்டும் விருப்புப் புள்ளடி. நாலாவது இலக்கத்திலும் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்கு போய்விடும். அதனால்தான் ஒரே கட்சி வேட்பாளர்கள் எதிர்க்கட்சியைவிடத் தங்களுக்குள்ளேயே கூடுதலாக முட்டிக்கொண்டார்கள். அந்தத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தது 30 ஆசனம்.

பதவிக்கு வந்த மறுநாளே வாசலில் ஆட்கள் நிற்பார்கள். ஒருவருக்கு வீதி, ஒருவருக்குப் பாடசாலை, ஒருவருக்கு வைத்தியசாலை. அனுபவமுள்ள உறுப்பினர் முதலில் கேட்பது, "வீதி எந்த வகுப்பு?" ஏ, பி வகுப்பு என்றால் கொழும்பில் உள்ள வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். அதற்குக் கீழே பிரதேச சபை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய அரசின் கையில். பருத்தித்துறை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கையில். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி போன்ற தேசியப் பாடசாலைகளுக்கு மாகாணக் கல்வி அமைச்சர் ஆசிரியர் இடமாற்றம் கொடுக்க முடியாது. இது தெரியாமல் மேடையில் வாக்குக் கொடுத்த உறுப்பினர்கள் பிறகு ஊருக்குள் தலைகாட்டப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இனிச் சிக்கலான இடம். மாகாண சபை இயற்றும் சட்டத்துக்கு நியதிச் சட்டம் என்று பெயர். சபையில் கை உயர்த்தி நிறைவேற்றினால் மட்டும் அது சட்டமாகிவிடாது. மாகாணத்தில் ஜனாதிபதியின் பிரதிநிதியான ஆளுநர் கையொப்பமிட வேண்டும். அவருக்குச் சம்மதமில்லை என்றால் மீள ஆராயுங்கள் என்று திருப்பி அனுப்பலாம். சபை இரண்டாம் முறையும் நிறைவேற்றினால், ஜனாதிபதி ஊடாக உயர் நீதிமன்றத்தின் கருத்துக்கு விடலாம். அரசியலமைப்புக்கு முரணில்லை என்று நீதிமன்றம் சொன்னால்தான் கையொப்பமிட்டே ஆக வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட நியதிச் சட்டம் என்றால் கதை இன்னும் இறுக்கம்: ஆளுநரின் சிபார்சு இல்லாமல் அதைச் சபையில் சமர்ப்பிக்கவே முடியாது. முதலமைச்சர் நிதியம் தடைப்பட்டது இந்த இடத்தில்தான். புலம்பெயர்ந்த உறவுகளின் பணத்தைச் சட்டப்படி வாங்கிப் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்க ஒரு வழி வேண்டும் என்று கேட்டார்கள். ஐந்து வருடமும் கேட்டார்கள். கிடைக்கவில்லை.

தீர்மானத்துக்கு ஆளுநரின் கையொப்பம் வேண்டாம். சபையில் பிரேரித்து, வழிமொழிந்து, நிறைவேற்றினால் முடிந்தது. தமிழருக்கு எதிராக நடந்தது இனப்படுகொலை என்று 2015 பெப்ரவரி 10ஆம் திகதி நிறைவேறிய தீர்மானம் அப்படி வந்ததுதான். அதன் அரசியல் கனம் வேறு. ஆனால் "சபையில் வெறும் தீர்மானம்தான் போடுகிறார்கள்" என்று கிண்டலடித்தவர்கள், நியதிச் சட்டம் எந்த மேசையில் போய் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதேநேரம், சபை தன் கையில் இருந்த விடயங்களிலேயே நியதிச் சட்டங்களை இன்னும் கூடுதலாக வரைந்திருக்கலாம் என்ற குறையையும் தள்ளிவிட முடியாது. சட்டம் வரையத் தெரிந்தவர்கள் மாகாணத்தில் மிகக் குறைவு. நீதியரசர் ஒருவரே முதலமைச்சராக இருந்தும் அந்தப் பஞ்சம் தீரவில்லை.

உத்தியோகத்தர் பக்கம் வாருங்கள். மாகாண நிர்வாகத்தின் தலைமை அதிகாரியான பிரதம செயலாளரை நியமிப்பவர் ஜனாதிபதி. முதலமைச்சரின் இணக்கம் வேண்டும், அவ்வளவுதான். மாகாணப் பகிரங்க சேவையின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் ஆளுநரிடம்; அவர் விரும்பினால் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம். 2014இல் முதலமைச்சர் விடுத்த நிர்வாகச் சுற்றறிக்கை ஒன்றை எதிர்த்துப் பிரதம செயலாளர் உயர் நீதிமன்றத்துக்கே போனார். ஒரே மாகாண நிர்வாகத்தின் இரண்டு அலுவலகங்கள்!

2017இல் வந்த நெருக்கடி இன்னும் மோசம். முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளை ஆராய முதலமைச்சர் விசாரணைக் குழு அமைத்தார். அறிக்கை வந்ததும் ஜூன் மாதத்தில் இரண்டு அமைச்சர்களைப் பதவி விலகச் சொன்னார், மற்ற இருவரை விடுப்பில் போகச் சொன்னார். உடனே அவருடைய பக்கத்து உறுப்பினர்களே நம்பிக்கையில்லாக் கடிதத்தை ஆளுநரிடம் கொடுத்தார்கள். சில நாட்களில் சமரசம். பிறகு இன்னொரு அமைச்சரை முதலமைச்சர் நீக்கினார், நீக்கப்பட்டவர் நீதிமன்றம் போனார். அரசியலமைப்பின் 154எஃப் உறுப்புரைப்படி, முதலமைச்சரின் ஆலோசனையில் அமைச்சர்களை நியமிப்பவர் ஆளுநர். அப்படியானால் நீக்குபவரும் ஆளுநரே என்பது வழக்கின் வாதம். 2018 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. முதலமைச்சரோடு சேர்த்து அமைச்சர் வாரியத்தில் ஐந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நீக்கப்பட்டவரின் இடத்துக்குப் புதியவர் ஏற்கெனவே வந்தாயிற்று. இப்போது ஐந்து நாற்காலிக்கு ஆறு பேர். அமைச்சர் வாரியம் கூட முடியாத நிலை, அதுவும் சபையின் கடைசி மாதங்களில்.

2018 ஒக்டோபரில் சபையின் ஆயுள் முடிந்தது. அடுத்த தேர்தல் ஏன் வரவில்லை? 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் பழைய விகிதாசார முறையை மாற்றித் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறையைக் கொண்டுவந்தது. அதற்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றும் இல்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் இல்லை, புதிய முறைக்கு எல்லையும் இல்லை. ஒன்பது மாகாணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஆளுநர்களின் கைக்குப் போயின.

சபை முடியும் வாரத்திலேயே விக்னேஸ்வரன் புதுக் கட்சி தொடங்கினார். 2020 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். அப்போது அவருக்குக் கிடைத்த விருப்பு வாக்கு 21,554.

நன்றி, வணக்கம்.